வலது கைக்கு நானூற்றுப் பன்னிரண்டு

அந்தத் தெருவில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பெற்றவர்கள் ஆசையாக ஒரு பெயர் வைத்துத்தான் இருப்பார்கள். அது அடையாள அட்டையில் பத்திரமாக இருந்தது. ஊருக்கு அவர் ரசமட்டம். வீடுகளுக்குத் தரையில் டைல்ஸ் போடுகிறவர். அந்த வேலைக்காரர்கள் வைத்திருக்கும் கருவிக்குத்தான் ரசமட்டம் என்று பெயர்: ஒரு முழ நீளக் கட்டை, நடுவில் சின்னக் கண்ணாடிக் குழாய், அதற்குள் ஒரு குமிழி. குமிழி நடுவில் நின்றால் தரை மட்டம். நகர்ந்தால் எங்கோ கோளாறு. மற்றவர்கள் வேலை முடிந்ததும் அதைப் பையில் போட்டுவிட்டு மறந்துவிடுவார்கள். இவரால் முடியாது. சொந்தக்காரர் வீட்டு விருந்துக்குப் போனால்கூட, உட்கார்ந்த கையோடு மேசை விளிம்பை ஒற்றைக்கண்ணால் பார்த்து, "ரெண்டு நூல் தாழ்ந்திருக்கு" என்பார். ஒரு நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. சொன்னதோடு விட்டாலும் பரவாயில்லை. ஒரு அட்டையை மடித்து மேசைக் காலுக்கு அடியில் செருகிவிட்டுத்தான் சாப்பாட்டில் கை வைப்பார்.

அவர் மனைவி வீட்டு முன்னறையில் தையல் மிஷின் போட்டு ஜன்னல்களுக்குத் திரைச்சீலை தைப்பவள். தெருவுக்கே அவள் திரைச்சீலையக்கா. ஒவ்வொரு தடவையும் முழுசாகச் சொன்னால் வாய் வலிக்கும். நாம் அக்கா என்றே வைத்துக்கொள்வோம். அவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தைத்து மாட்டிய திரையை, "இடது பக்கம் அரை நூல் ஏறியிருக்கு" என்று சொல்லும் மனிதரோடு இருபத்தாறு வருஷம் குடும்பம் நடத்துவது லேசான காரியம் இல்லை. அக்கா நடத்தினாள். பாதி நாள் சிரித்துக்கொண்டு, மீதி நாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

அவர் வேலை செய்கிற விதமே தனி. இடது கையில் உறை போட்டுக்கொள்வார், டைல்ஸின் விளிம்பு கத்தி மாதிரி அறுக்கும் என்பதால். வலது கைக்கு உறை கிடையாது. இரண்டு டைல்ஸ் சேரும் இடத்தில் வெறும் விரலை ஓட்டிப் பார்த்துத்தான் ஏற்ற இறக்கம் கண்டுபிடிப்பார். உறை போட்டால் விரலுக்குக் காது கேட்காது என்பார். அதனால் முப்பது வருஷ சிமெண்டும் சுண்ணாம்பும் அந்த வலது கையைத்தான் தின்றன. விரல் முழுக்க வெடிப்பு. இடது கையோ ஆபீஸ் உத்தியோகஸ்தர் கை மாதிரி மழமழவென்று இருக்கும்.

தினமும் காலையில் அவர் குளித்துவிட்டு வந்ததும், அடுப்பில் டீ கொதிக்கிற நேரத்தில், அக்கா ஒரு சின்ன பாட்டிலை எடுத்து அந்த வலது கையில் கிளிசரின் தேய்த்துவிடுவாள். விரல் விரலாக, இடுக்கு இடுக்காக. அவர் பேப்பரைப் படித்தபடி கையை மட்டும் நீட்டிக்கொண்டிருப்பார். இருபத்தாறு வருஷத்தில் அவர்கள் சண்டை போட்டுப் பேசாமல் இருந்த நாட்களிலும் அந்தக் கை நீண்டது, அந்த பாட்டில் திறந்தது.

அவருக்கு அந்த வருஷம் ஐம்பத்து மூன்று பிறந்தது. அக்காவுக்குப் பயம் பிடித்ததும் அப்போதுதான். மாமனார் ஐம்பத்து மூன்றில் போனவர். அதுவும் தரை போட்டுக்கொண்டிருந்த இடத்திலேயே, கையில் சாந்துக் கரண்டியோடு. இவரும் இப்போதெல்லாம் டைல்ஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினால் நடுப்படியில் நின்று சுவரை மட்டம் பார்ப்பதுபோல மூச்சு வாங்குகிறார். ஒரு டாக்டரைப் பார்க்கலாம் என்று அவள் சொல்லாத நாள் இல்லை. அவர் அதைக் காதில் போட்டுக்கொண்ட நாளும் இல்லை.

கடைசியில் அக்கா தன் தம்பியைப் பிடித்தாள். வீடு வீடாகப் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிற வேன் ஓட்டுகிறவன். உலகத்தில் அவனுக்குத் தெரியாத விஷயம் எதுவும் இல்லை. தெரியாததை வழியில் போனில் பார்த்துத் தெரிந்துகொள்வான்.

"உங்க மாமாவை எப்படியாவது டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போடா. நீ சொன்னா கேப்பாரு."

"விடுக்கா, நான் பாத்துக்கறேன்" என்றான் தம்பி.

ஞாயிற்றுக்கிழமை காலை வந்தான். கையில் ஒரு டப்பா. திறந்தால் உள்ளங்கை அளவுக்கு வெள்ளையாக ஒரு மிஷின், ரத்தச் சொட்டு வைக்கிற பத்துத் தாள் பட்டைகள், விரலில் குத்துகிற பேனா மாதிரி ஒன்று.

"கொலஸ்ட்ரால் மிஷின்க்கா. ஒரு சொட்டு ரத்தம் வச்சா மூணு நிமிஷத்துல மூணு நம்பர் காட்டும். மொத்தக் கொழுப்பு, நல்ல கொழுப்பு, அப்புறம் ட்ரைகிளிசரைடுன்னு இன்னொரு கொழுப்பு."

"டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகச் சொன்னா, டாக்டரை டப்பாவுல போட்டுக் கொண்டாந்திருக்கியே."

"இப்ப எல்லாம் வீட்டுலயேதான்க்கா. அங்க போயி வரிசையில உக்காந்து, அடுத்தவன் இருமுறதை வாங்கிட்டு வரணுமா?"

"மாப்ள சொல்றது நியாயம்தானே" என்று ரசமட்டம் பேப்பரை மடித்து வைத்தார். டாக்டர் என்ற பேச்சு எடுத்தாலே எழுந்து போகிறவர், மிஷின் என்றதும் நாற்காலியை இழுத்துப் போட்டார். அளவு பார்க்கிற கருவி எதுவானாலும் அவருக்கு அது சொந்தக்காரன் மாதிரி.

டப்பாவில் ஒரு காகிதம் இருந்தது. எழுத்து எறும்பு சைசில். பக்கத்தில் படங்கள். முதல் படத்தில் ஒரு தண்ணீர்க் குழாய், அடியில் இரண்டு கைகள், ஒரு சோப்பு.

"கை கழுவுறதைக்கூடப் படம் போட்டுச் சொல்றான் பாருங்க. நம்மளைச் சின்னப் பிள்ளைன்னு நினைச்சுட்டான்" என்று தம்பி அந்தப் படத்தைத் தாண்டி இரண்டாவது படத்துக்குப் போனான். இப்போதுதான் குளித்துவிட்டு வந்த மனிதர் எதற்குக் கை கழுவ வேண்டும்? அக்காவுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அவள் அப்போதுதான் கிளிசரின் பாட்டிலை மூடி வைத்தாள்.

வலது கை நடுவிரலில் குத்தினார்கள். மூன்று நிமிஷம் ஆனதும் மிஷின் பீப் என்றது.

"மொத்தம் இருநூத்து நாப்பத்தொண்ணு. நல்லது நாப்பத்திரண்டு." தம்பி குரல் இறங்கியது. "மூணாவது நானூத்துப் பன்னெண்டு."

"அது எவ்வளவு இருக்கணும்?"

தம்பி போனைத் தட்டினான். "நூத்தம்பதுக்குள்ள."

அக்கா பதறிப்போனாள். முந்தின நாள் வறுத்த மீன் கண் முன்னால் வந்தது. அதற்கு முந்தின நாள் ரொட்டிக்கு வெண்ணெய் தடவினாளே, அது வந்தது. இருபத்தாறு வருஷமாகப் பொரித்துப் போட்ட முட்டைகள் எல்லாம் வரிசையில் வந்து நின்றன.

ரசமட்டம் மட்டும் பதறவில்லை. "ஒரு மூலையில வச்சுப் பாத்துட்டு தரை கோணல்னு சொல்லிடலாமா? நாலு மூலையும் பாக்கணும். இந்தா, இடது கையில குத்து" என்றார்.

இடது கையில் குத்தினார்கள். மொத்தம் இருநூற்று முப்பத்தொன்பது. நல்லது நாற்பத்து மூன்று. மூன்றாவது நூற்று முப்பத்தெட்டு.

மூவரும் மிஷினைப் பார்த்தார்கள். பிறகு அவருடைய இரண்டு கைகளையும் பார்த்தார்கள்.

மறுநாளும் பார்த்தார், அதற்கு மறுநாளும். அதே நேரம், குளித்துவிட்டு, டீக்கு முன்னால். வலது கையில் கட்டைவிரல், மோதிரவிரல், சுண்டுவிரல் எல்லாம் ஒரே பேச்சு: நானூறுக்கு மேல். இடது கை விரல்கள் நல்ல பிள்ளைகள். ஒரு உடைந்த டைல்ஸ் துண்டின் பின்பக்கத்தில் பென்சிலால் கோடு போட்டு, வலது என்று ஒரு பக்கம், இடது என்று ஒரு பக்கம் எழுதி, கண்ணாடிக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தார். பத்துப் பட்டையும் ஐந்து நாளில் தீர்ந்தன. ஐந்தாம் நாள் காலை அவருக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது.

"உடம்பு சாஞ்சிருச்சு" என்றார்.

"என்னது?"

"நான் எந்தக் காலை மடிச்சு உக்காந்து வேலை பாக்கறேன்? வலது கால். எந்தப் பக்கம் சாஞ்சு தேய்க்கறேன்? வலது பக்கம். படுக்கறது? வலது பக்கம். முப்பது வருஷம் ஒரே பக்கம் வாட்டம் கொடுத்தா தண்ணி எங்க போயித் தேங்கும்? கொழுப்பும் அப்படித்தான். இடது பக்கம் சுத்தமா இருக்கு, வலது பக்கம் தேங்கி நிக்குது."

கேட்கும்போது அக்காவுக்கு அது தப்பாகவே தெரியவில்லை. குளியலறைத் தரைக்கு எத்தனை வாட்டம், அதாவது சரிவு, கொடுத்தால் தண்ணீர் ஓடும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிற மனிதர். அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அரை மனசு சொன்னது. மீதி அரை மனசு, இந்த ஆள் டாக்டரிடம் போகாமல் இருக்க எதையும் கண்டுபிடிப்பார் என்றது.

"அப்ப டாக்டர்கிட்டயே கேட்டுரலாமே, இப்படி வாட்டம் விட்டுருச்சுன்னு."

"கோளாறு என்னன்னு தெரிஞ்சுபோச்சு. அப்புறம் டாக்டர் எதுக்கு? வாட்டத்தை மாத்திட்டா தீந்துது."

மாற்றினார். கட்டிலின் வலது பக்கக் கால்கள் இரண்டுக்கும் அடியில் ஒவ்வொரு செங்கல் வைத்தார். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்த அக்கா மூன்றாம் நாள் காலை தம்பிக்குப் போன் போட்டாள்.

"உங்க மாமாவுக்குக் கொழுப்பு இடது பக்கம் வந்துச்சோ இல்லையோ, நான் வந்துட்டேன். ராத்திரி பூரா செவுத்தோட செவுறா ஒட்டிக்கிட்டுக் கிடக்கறேன். நீ கொண்டாந்த மிஷின் பண்ற வேலையைப் பாத்தியா?"

"மிஷின் என்னக்கா பண்ணும், அது உள்ளதைத்தானே சொல்லுது" என்றான். ஆனால் அவன் குரலில் பழைய தெம்பு இல்லை.

சாப்பாடும் மாறியது. முட்டை போயிற்று, மீன் போயிற்று, வெண்ணெய் போயிற்று. அதெல்லாம் அக்கா செய்த ஏற்பாடு. குற்றவுணர்ச்சியில் அவள் கொஞ்சம் அதிகமாகவே செய்துவிட்டாள். காலையில் காய்ந்த ரொட்டி, மதியம் வேகவைத்த முட்டைக்கோஸ், மாலையில் அதே முட்டைக்கோஸின் தண்ணீர். அவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் அவளை ரொம்பப் பயமுறுத்தியது. உப்பு ஒரு சிட்டிகை குறைந்தாலே தட்டைத் தள்ளி வைக்கிற மனிதர், முட்டைக்கோஸைப் பேசாமல் மென்று விழுங்கினார் என்றால் உள்ளுக்குள் எவ்வளவு பயந்திருக்க வேண்டும்.

எல்லாவற்றையும் விட வேடிக்கை ஒன்று உண்டு. அவர் அந்த மாதம் தரை போட்டுக்கொண்டிருந்ததே ஒரு டாக்டர் வீட்டில்தான். முன்னறையில் டாக்டரம்மா நோயாளிகளைப் பார்ப்பார். பின்பக்கம் புதிதாக ஒரு அறை கட்டி, அதற்குத் தரை வேலை. காலையில் இருமிக்கொண்டும் நொண்டிக்கொண்டும் நாலு மைல் தாண்டி ஆட்கள் அந்த டாக்டரம்மாவைப் பார்க்க வந்தார்கள். ரசமட்டம் தினம் எட்டு மணி நேரம் அவருக்குப் பன்னிரண்டடி தூரத்தில் மண்டி போட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு நாள்கூடக் கையை நீட்டவில்லை. டாக்டரம்மா அந்தப் பக்கம் வந்தால், டைல்ஸ் வெட்டுகிற மிஷினை ஓடவிட்டுப் பேச்சுக்கு இடம் இல்லாமல் செய்துவிடுவார்.

பத்தாம் நாள் அக்கா ஒரு முடிவுக்கு வந்தாள். மதியச் சாப்பாட்டுப் பையில் முட்டைக்கோஸ் டப்பாவுக்கு அடியில் அந்த டைல்ஸ் துண்டை ஒரு துணியில் சுற்றி வைத்தாள். அவர் சாப்பிடுகிற நேரத்தில் முன்னறைக்குப் போய் டாக்டரம்மாவிடம் காட்டிவிட வேண்டியது. திட்டினால் திட்டட்டும். இருபத்தாறு வருஷத்தில் வாங்காத திட்டா?

அவள் போய்ச் சேர்ந்தபோது பின்னறையில் சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தாள். டாக்டரம்மா, சக்கரம் வைத்த ஒரு முக்காலியில் அறை நடுவில் உட்கார்ந்திருந்தார். புது மேசையை எங்கே போடலாம் என்று பார்க்க வந்திருக்கிறார். அக்கா பார்த்துக்கொண்டிருக்கும்போதே, யாரும் தொடாமல், முக்காலி டாக்டரம்மாவோடு மெதுவாக உருள ஆரம்பித்தது. உருண்டு போய் இடது சுவரில் இடித்து நின்றது.

"மேஸ்திரி" என்றார் டாக்டரம்மா, கோபமில்லாமல். "தரை சாயுதா, இல்ல நான் சாயுறேனா?"

ரசமட்டம் தன் கருவியைத் தரையில் வைத்தார். குமிழி ஓரமாகப் போய் ஒட்டிக்கொண்டது. இன்னொரு இடத்தில் வைத்தார். அங்கேயும் ஓரம்தான். அப்போதுதான் அக்கா அவர் கைகளைக் கவனித்தாள். கரண்டி இடது கையில் இருந்தது. உறை வலது கையில் இருந்தது.

"என்னங்க இது, கையை மாத்தி வச்சிருக்கீங்க?"

"அஞ்சு நாளா இடது கையிலதான் பாக்கறேன்" என்றார் அவர் தரையைப் பார்த்தபடி. "வலது பக்கத்துக்குக் கொஞ்சம் ஓய்வு கொடுக்கலாம்னு. இடது விரலுக்கு ஏத்த இறக்கம் தெரியல. பசியில குமிழி வேற ரெண்டு ரெண்டாத் தெரிஞ்சுது." பிறகு, தன் தரையிலேயே சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டார். "முப்பது வருஷத்துல ஒரு தரை சாஞ்சதில்ல."

அந்தக் குரலைக் கேட்டதும் அக்காவுக்கு ரகசியமும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று ஆகிவிட்டது. பையைத் திறந்து டைல்ஸ் துண்டை எடுத்து டாக்டரம்மா மடியில் வைத்தாள். தம்பி, மிஷின், பத்துப் பட்டை, வாட்டம், செங்கல், முட்டைக்கோஸ் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள். செங்கல் வரும்போது டாக்டரம்மா வாயைப் பொத்திக்கொண்டார். முட்டைக்கோஸ் வரும்போது பொத்தியும் பயனில்லை.

"மேஸ்திரி, ரத்தம் ஒரு நிமிஷத்துல உடம்பு பூரா ஒரு சுத்து சுத்திட்டு வந்துரும். ஒரு பக்கம் தேங்கி நிக்கறதுக்கு அது குளியலறைத் தண்ணி இல்ல. வலது கை ரத்தமும் இடது கை ரத்தமும் ஒண்ணுதான்."

"அப்ப மிஷின் பொய் சொல்லுதா டாக்டரம்மா? ஒரு நாள் இல்ல, அஞ்சு நாள். வலது விரல் எல்லாத்துலயும் பாத்தாச்சு."

டாக்டரம்மாவின் சிரிப்பு நின்றது. அவருக்கும் அது புதிராக இருந்தது. முக்காலியைத் தள்ளிவிட்டு அவர் முன்னால் தரையிலேயே உட்கார்ந்து, உறையைக் கழற்றி அந்த வலது கையைத் தன் கையில் எடுத்தார். திருப்பினார். வெடிப்புகளைத் தடவினார். பிறகு தன் விரல்களையே ஒன்றோடு ஒன்று தேய்த்துப் பார்த்தார்.

"கையில என்ன பூசறீங்க?"

"அவ கிளிசரின் தேய்ச்சுவிடுவா."

"ரெண்டு கையிலயுமா?"

"வலதுல மட்டும். இடதுலதான் வெடிப்பே இல்லையே."

"எப்ப?"

"காலையில. குளிச்சதும்" என்றாள் அக்கா. "அதுக்கு அப்புறம்தான் குத்துவோம். நான் தேய்ச்சதாலயா கொழுப்பு ஏறிடுச்சு டாக்டர்?"

"ஒரு சொட்டுகூட ஏறல. அந்த மூணாவது கொழுப்பு இருக்கே, அதை மிஷினால நேரா எண்ண முடியாது. அதை உடைச்சு, உள்ள இருக்கிற கிளிசரினை எண்ணித்தான் சொல்லும். நீங்க விரல்லயே கிளிசரினைப் பூசிக் கொடுத்தா அது என்ன பண்ணும் பாவம், அதையும் சேத்து எண்ணிருச்சு. சோப்புப் போட்டுக் கழுவித் துடைச்சிட்டுக் குத்தியிருந்தா வலதும் இடதும் ஒண்ணாத்தான் இருந்திருக்கும். மிஷினோட வந்த காகிதத்துல போட்டிருப்பானே."

"மொத படமே அதுதான்" என்றாள் அக்கா. தம்பி மட்டும் அந்த நேரத்தில் கையில் கிடைத்திருந்தால் அவன் கதி வேறு.

ரசமட்டத்தின் முகத்தில் பத்து நாளைக்குப் பிறகு வெளிச்சம் வந்தது. எழுந்திருக்கப் போனார். "அப்ப எனக்கு ஒண்ணும் இல்ல. நாளைக்கே இந்தத் தரையைப் பேத்து மட்டமாப் போட்டுத் தர்றேன் டாக்டரம்மா."

"உக்காருங்க" என்றார் டாக்டரம்மா. டைல்ஸ் துண்டைத் திருப்பி அவருக்கு நேராகப் பிடித்தார். "இந்த மொத நம்பரைப் பாத்தீங்களா? இருநூத்து நாப்பத்தொண்ணு, இருநூத்து முப்பத்தொன்பது, இருநூத்து நாப்பது. அஞ்சு நாளும் எழுதியிருக்கீங்க. இதைப் பத்தி ஏன் ஒரு பேச்சும் இல்ல?"

"அது ரெண்டு பக்கமும் ஒண்ணா இருந்துச்சே" என்றார் ரசமட்டம். "மட்டமா இருக்கறதுல என்ன கோளாறுன்னு விட்டுட்டேன்."

டாக்டரம்மா இந்தத் தடவை சிரிக்கவில்லை. "ரெண்டு பக்கமும் ஒண்ணாத்தான் இருக்கு. ஆனா ரெண்டு பக்கமும் ஒண்ணா உசந்திருக்கு. இருநூறுக்குள்ள இருக்க வேண்டியது. உங்க வீட்டுல யாருக்காவது நெஞ்சுவலி வந்திருக்கா? அப்பாவுக்கு?"

முன்னறையில் யாரோ இருமினார்கள். அக்கா பதில் சொல்ல வாயெடுத்தாள். அவர் கையைத் தூக்கி அவளை நிறுத்தினார்.

"அப்பாவுக்கு அப்ப அம்பத்து மூணு" என்றார். "நெஞ்சு கனமா இருக்குன்னு ஒரு செவ்வாக்கிழமை டாக்டரைப் பாக்கப் போனாரு. இதயத்துல கோளாறுன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. வெள்ளிக்கிழமை, பாதித் தரை போட்டபடியே சாஞ்சுட்டாரு. நான் பக்கத்துல கலவை கலந்துட்டு இருந்தேன். எனக்குப் பத்தொம்பது வயசு. மீதித் தரையை நான்தான் போட்டு முடிச்சேன். டாக்டர்கிட்ட போற வரைக்கும் அந்த மனுஷனுக்கு ஒண்ணும் இல்ல டாக்டரம்மா. போயிட்டு வந்தாரு, மூணே நாள்."

இருபத்தாறு வருஷத்தில் அக்கா அந்தச் செவ்வாய்க்கிழமையைக் கேட்டதில்லை. வெள்ளிக்கிழமை அவளுக்குத் தெரியும், ஊருக்கே தெரியும். பத்தொன்பது வயதில் ஒரு மனுஷன் மனசுக்குள் போட்டுக்கொண்ட கணக்கு இது என்று தெரியாமல், பிடிவாதக்காரர் என்று எத்தனை தடவை திட்டியிருப்பாள். அவளுக்கு அழுகை வந்தது. வந்ததை மறைக்கவும் இல்லை.

"டாக்டர் சொன்னதால அவர் போகல மேஸ்திரி" என்றார் டாக்டரம்மா. "அவர் மூணு நாள் முன்னாடிதான் வந்தாரு. அது பத்தல. நீங்க அதைவிட ரொம்ப முன்னாடி வந்திருக்கீங்க. வரவே இல்ல, தரை போட வந்தீங்க, அது வேற விஷயம்."

ரசமட்டத்துக்குச் சிரிப்பு வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

"அந்த மிஷின் இதெல்லாம் ஒண்ணும் கேக்கலையே டாக்டர்" என்றாள் அக்கா மூக்கை உறிஞ்சியபடி.

"அது எப்படிக் கேக்கும், அதுக்கு ஒரு சொட்டுதான் தெரியும். மிஷின்மேல தப்பு சொல்லாதீங்க, அது காட்டலேன்னா நீங்க அந்த டைல்ஸைத் தூக்கிட்டு வந்திருக்க மாட்டீங்க. நாளைக்குக் காலையில ரெண்டு பேரும் வெறும் வயித்துல வாங்க. கை நரம்புல ரத்தம் எடுத்து முறையாப் பாத்துரலாம். இதயத்துக்கும் ஒரு படம் எடுக்கணும்."

"ரத்தம் எந்தக் கையில எடுப்பீங்க?" என்று கேட்டார் ரசமட்டம்.

"உங்களுக்கு எது பிடிக்குமோ அதுல."

"அப்ப வலதுலயே எடுங்க. அதுமேலதான் சந்தேகம்."

மறுநாள் காலை வலது கையில்தான் எடுத்தார்கள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சுவரின் மூலையை மட்டம் பார்த்தார். முடிவு மாலையில் வந்தது. மூன்றாவது நம்பர் நூற்று நாற்பத்தொன்று, கிளிசரின் எல்லாம் கழித்து. மொத்தம் இருநூற்று முப்பத்தெட்டு; அதில் கெட்ட கொழுப்பு இருக்க வேண்டியதைவிடக் கூடுதல். இதயப் படத்தில் பயப்பட ஒன்றும் இல்லை. அப்பாவின் விஷயத்தையும் வயதையும் வைத்துப் பார்த்து, டாக்டரம்மா தினம் ஒரு மாத்திரை எழுதினார். மீன் சாப்பிடலாம், வறுக்காமல். முட்டையும் அளவாகச் சாப்பிடலாம். முட்டைக்கோஸை மட்டுமே தின்று யாரும் நெடுநாள் வாழ்ந்ததாகத் தனக்குத் தெரியாது என்றும் சொன்னார். அக்காவுக்குப் பார்த்ததில் எல்லாம் சரியாகவே இருந்தது; தினம் அரை மணி நடக்கச் சொல்லி அவளையும் விடவில்லை.

"மூணு மாசம் கழிச்சு வந்து மறுபடி பாக்கணும். என்னைக்கு வர்றீங்க?"

ரசமட்டம் சுவரில் தொங்கிய நாள்காட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"செவ்வாக்கிழமை வர்றேன்" என்றார்.

டாக்டரம்மா எழுதிக்கொண்டார்.

தம்பி அந்த வாரம் முழுக்க அக்கா வீட்டுப் பக்கம் வரவில்லை. போனில் மட்டும், "நான் அப்பவே டாக்டர்கிட்ட போகலாம்னு சொன்னேன்ல" என்றான். அவனை என்ன செய்வது, சொந்தத் தம்பி. மிஷினுக்குப் புதுப் பட்டைகள் வாங்கி வரச் சொன்னாள். டாக்டரம்மாவைக் கேட்டுக்கொண்டு, கையைக் கழுவிவிட்டு, நடுநடுவே பார்த்துக்கொள்ளலாம்.

கட்டிலுக்கு அடியிலிருந்த செங்கல்கள் வெளியே போயின. பின்னறைத் தரையை ஒரு வரிசை விடாமல் பெயர்த்து, வலது கையாலேயே நான்கு நாளில் திரும்பப் போட்டார். டாக்டரம்மா முக்காலியில் உட்கார்ந்து கால் இரண்டையும் தூக்கிக்கொண்டார். முக்காலி நட்டு வைத்ததுபோல நின்றது. அது சரியாக நிற்கிறதா என்று தெரிந்துகொள்ள, முன்னறையில் காத்திருந்த நோயாளிகளும் ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்து பார்த்தார்கள்.

கிளிசரின் பாட்டில் மட்டும் அலமாரி மேல்தட்டில் அப்படியே இருந்தது. அக்கா அதைத் தொடவில்லை. டாக்டரம்மா சொன்னதெல்லாம் அவளுக்குப் புரிந்திருந்தது. ஆனாலும் தன் கையால் பூசியது அந்த மனுஷனைப் பத்து நாள் சாவுக்குப் பயப்பட வைத்ததே என்ற எண்ணம் போகவில்லை. தரையைத் திரும்பப் போட்டதில் வலது கை பழையபடி வெடித்து, சட்டைப் பொத்தான் போடும்போது அவர் உதட்டைக் கடிப்பதைப் பார்த்தாள். பார்த்தும் பாட்டிலை எடுக்கவில்லை.

ஐந்தாம் நாள் காலை, அடுப்பில் டீ கொதித்துக்கொண்டிருந்தது. அவர் குளித்துவிட்டு வந்து, ஒரு நாற்காலியைப் போட்டு ஏறி, மேல்தட்டிலிருந்து பாட்டிலை எடுத்தார். இறங்கி வந்து அவள் முன்னால் வைத்தார். மாத்திரையைப் போட்டுத் தண்ணீர் குடித்தார். பேப்பரை எடுத்தார். கையை நீட்டினார்.

"வேண்டாங்க. அது வேற ஏதாவது பண்ணிடப்போகுது."

"பூசக்கூடாதுன்னா சொன்னாங்க? குத்தறதுக்கு முன்னாடி கழுவணும்னாங்க. இன்னைக்கு யாரு குத்தப்போறா?"

அவள் மூடியைத் திறந்தாள். விரல் விரலாக, இடுக்கு இடுக்காகத் தேய்த்தாள். வெடிப்பில் படும்போது அவர் 'ஸ்' என்றார், பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல். தேய்த்து முடித்து மூடியைத் திருகப் போனவள் நிமிர்ந்து பார்த்தாள். அவர் பேப்பரைக் கீழே வைத்துவிட்டு, இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக, இடது கையையும் நீட்டிக்கொண்டிருந்தார்.

"இதுல எங்க வெடிப்பு இருக்கு? உங்க இடது கை என் கையைவிட மெத்துனு இருக்கே."

"வெடிப்பு இல்லதான்" என்றார் ரசமட்டம். "இனிமே ரெண்டு பக்கமும் ஒரே மட்டமா இருக்கட்டும்."

டீ பொங்கி அடுப்பில் வழிந்தது. வழிந்தால் வழியட்டும் என்று அக்கா அந்தக் கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.